சத்தமில்லாத வால்வு: 1995ஆம் ஆண்டு ஏடிவி ஒன்றின் பழுதும் மீட்பும்

இருக்கைக்கு அடியில், பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்த ஒரு சீட்டு இருந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் எழுதிக் கொடுத்தது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) குறைவு, பிஸ்டனைச் சுற்றி அழுத்தத்தைத் தடுத்து நிற்கும் ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினைப் பிரித்துச் சிலிண்டரின் உட்சுவரைக் கடைய வேண்டும், வண்டியின் மதிப்புக்கு அந்தச் செலவு தகாது. அந்தச் சீட்டை நம்பித்தான் பெரியவர் வண்டியைக் கொட்டகையின் மூலையில் தள்ளிவிட்டுத் தார்ப்பாயால் மூடியிருந்தார். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஜார்ஜியன் விரிகுடாவை ஒட்டிய ஆப்பிள் தோட்டங்களில் ஒன்று அவருடையது. பழைய இரும்பு எடுப்பவரை வரச் சொல்லியிருந்த வாரத்தில்தான், அவருடைய டிராக்டரைப் பார்க்கப் போன நான் அதைக் கண்டேன்.

வண்டி, 1995ஆம் ஆண்டு ஹோண்டா ஃபோர்ட்ராக்ஸ் 300. நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை போகும் வகை. எந்த நிலத்திலும் ஓடுவதால் ‘ஆல்-டெரெய்ன் வெஹிக்கிள்’ என்று பெயர் பெற்று, ஏடிவி என்று இங்கே எல்லோரும் சுருக்கிச் சொல்லும் இந்த வண்டிகளின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1970இல் ஹோண்டா நிறுவனம் மூன்று சக்கரங்களும் காற்றுப்பை போன்ற பெரிய டயர்களும் கொண்ட ஏடிசி 90ஐக் கொண்டுவந்தது. 1980களின் தொடக்கத்தில் சுசுகியின் குவாட்ரன்னர் 125 நான்கு சக்கரங்களோடு வந்தது. மூன்று சக்கர வண்டிகள் எளிதில் குடைசாய்ந்து பலரைக் கொன்றதால், 1988இல் அமெரிக்க அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி உற்பத்தியாளர்கள் அவற்றின் விற்பனையை நிறுத்தினார்கள். அதே 1988இல் வந்ததுதான் இந்த 300. 2000ஆம் ஆண்டு வரை பெரிய மாற்றமில்லாமல் விற்றார்கள். 282 சிசி, ஒற்றைச் சிலிண்டர், காற்றால் குளிரும் எஞ்சின், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர், பின்சக்கரங்களுக்குச் சங்கிலிக்குப் பதில் ஷாஃப்ட், கிளட்ச் கைப்பிடி இல்லாத கியர். கணினி எதுவும் கிடையாது. எது கெட்டாலும் கண்ணாலும் காதாலும் விரலாலும் கண்டுபிடித்துவிடலாம். இப்படிப்பட்ட எஞ்சினைக் கம்ப்ரஷன் என்ற ஒரே ஓர் எண்ணை வைத்து இரும்புக் கடைக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் தொழில் பழகியது யாழ்ப்பாணத்தில், 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில். பெட்ரோல் குதிரைக்கொம்பாக இருந்த நாள்கள் அவை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சிறு குப்பியில் வைத்திருந்த சில சொட்டுப் பெட்ரோலைக் காட்டி எஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புதிய பாகம் என்று ஒன்று சந்தையில் இல்லாததால், “மாற்றிப் பார்ப்போம்” என்ற சொல்லே எங்கள் கராஜில் கிடையாது. எது கெட்டது என்று உறுதியாகத் தெரிந்த பிறகே ஸ்பேனரைக் கையில் எடுப்போம். அந்தப் பழக்கம் இன்றுவரை என்னை விடவில்லை.

கிளப்புவதற்கு முன்

பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த மருமகன் பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டப் பார்த்தான். “ஒரு தடவை செல்ஃப் அடித்துப் பார்ப்போமே, மாமா.” வேண்டாம் என்று தடுத்தேன். ஆறு ஆண்டுகள் நின்ற வண்டியைச் சோதிக்காமல் சுழற்றினால், காற்றுப் பெட்டியில் உள்ள குப்பை சிலிண்டருக்குள் போகும். துருப்பிடித்த சிலிண்டர் சுவரை ரிங் கீறும். இதுவரை இல்லாத பழுதை நாமே உண்டாக்கியவர்களாவோம்.

காற்றுப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே எலிக்கூடு. பஞ்சு, காய்ந்த புல், இருக்கையிலிருந்து பிய்த்த ஸ்பாஞ்சு. வட அமெரிக்காவின் மான் எலி ஹந்தா வைரஸைச் சுமக்கக்கூடியது. எச்சத்தைக் காய்ந்த நிலையில் பெருக்கினால் தூசியோடு மூச்சில் ஏறும். கிருமிநாசினி தெளித்து நன்றாக நனைய விட்டு, முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் அள்ளி எடுத்தோம். ஃபோம் ஃபில்டர் கையில் எடுத்ததும் பொடியாக உதிர்ந்தது. நல்ல ஃபோமாக இருந்தால் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து, ஃபில்டர் எண்ணெயில் நனைத்துப் பிழிந்து மீண்டும் போடலாம். எண்ணெய் இல்லாத ஃபோம் மெல்லிய தூசியைத் தடுக்காது. இதைப் பலர் அறியாமல் கழுவிய ஃபில்டரை அப்படியே மாட்டிவிடுகிறார்கள்.

அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் இரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு ஒரு நாள் ஊற வைத்தேன். மறுநாள் கயிற்று ஸ்டார்ட்டரை மெல்ல இழுத்தபோது பிஸ்டன் தடையில்லாமல் ஏறி இறங்கியது. அந்த நொடியில்தான் இந்த வண்டி பிழைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல் தேநீர் நிறத்தில், வார்னிஷ் வாடையோடு இருந்தது. இங்கே விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் எத்தனால் கலந்திருக்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அளவு மிஞ்சினால் நீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். பழைய ரப்பர் குழாய்களையும் அது கெடுக்கிறது. இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்டதால், தமிழ்நாட்டில் பழைய பைக் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டியின் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள்.

கார்புரேட்டரைப் பிரித்தால் கிண்ணத்தில் பச்சைப் படிவு. ஐட்லிங்குக்குப் பெட்ரோல் கொடுக்கும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஊசிமுனை அளவு ஒளி தெரிய வேண்டும். இதில் எதுவும் தெரியவில்லை. கம்பியால் குத்தக் கூடாது. பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிட்டால் எஞ்சின் ஐட்லிங்கில் ஒருபோதும் நிதானமாக ஓடாது. கிளீனரில் ஊறவைத்து, காற்றழுத்தம் கொடுத்து, மீண்டும் ஊறவைத்து, மூன்றாம் முறையில் துளை திறந்தது. மிதவை ஊசி, ஓ-ரிங், கேஸ்கெட், பெட்ரோல் குழாய் எல்லாம் புதிதாகப் போட்டேன். மலிவு விலையில் முழுக் கார்புரேட்டரே புதிதாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். கம்பெனியின் அசல் கார்புரேட்டர் உடல் விரிசல் விடாமல் இருக்கும்வரை அதைச் சுத்தம் செய்வதே மேல் என்பது என் முடிவு. ஜெட் அளவு பொருந்தாத நகல்களோடு நான் வீணாக்கிய நாள்கள் அதிகம்.

மின்சாரப் பக்கம் சிக்கல் சிறியது. சட்டத்தில் எர்த் வயர் பிடிக்கும் போல்ட் துருவேறிக் கிடந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து கிரீஸ் தடவியதும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு உயிர் வந்தது. பிளக்கில் நீல நிறப் பொறி.

காற்று எங்கே கசிகிறது?

சீட்டில் எழுதியிருந்ததைச் சோதிக்கும் நேரம் வந்தது. கம்ப்ரஷன் கேஜ் குறைவாகத்தான் காட்டியது. அந்தப் பட்டறை பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எண் அழுத்தம் போதவில்லை என்பதைத்தான் சொல்லும். அழுத்தம் எந்த வழியாகப் போகிறது என்பதை அது சொல்லாது. ரிங் வழியாகவும் போகலாம், இரண்டு வால்வுகளில் (கலவையை உள்ளே விடும் இன்லெட், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட்) ஒன்றின் வழியாகவும் போகலாம், சிலிண்டருக்கும் மேல் மூடிக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கெட் வழியாகவும் போகலாம். நான்கு நோய்களுக்கும் ஒரே காய்ச்சல்.

இதற்கு லீக் டவுன் சோதனை இருக்கிறது. இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில், பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாக அளந்த காற்றழுத்தம் கொடுக்க வேண்டும். எவ்வளவு கசிகிறது என்று கேஜ் காட்டும். எங்கே கசிகிறது என்று நம் காதே சொல்லும். ஆயில் ஊற்றும் வாயில் இரைச்சல் கேட்டால் ரிங். கார்புரேட்டர் பக்கம் கேட்டால் இன்லெட் வால்வு. சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. பிஸ்டன் உச்சியிலிருந்து சற்று விலகியிருந்தாலும் காற்றழுத்தம் அதைத் தள்ளிச் சுழற்றிவிடும் என்பதால், எஞ்சினின் சுழலும் தண்டு அசையாமல் மருமகனை ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

கசிவு 60 சதவீதம். ஆயில் மூடியைத் திறந்து காதை வைத்தேன். மெல்லிய மூச்சு மட்டுமே கேட்டது. கார்புரேட்டர் பக்கம் அமைதி. மருமகன் சைலன்சர் வாயில் கையை வைத்தவன், “மாமா, இங்கே காற்று அடிக்கிறது” என்று கத்தினான். ரிங் நலமாக இருந்தது. ஆறு ஆண்டுகளாக அதன் மேல் ஒரு பொய்ப்பழி கிடந்திருக்கிறது.

எக்ஸாஸ்ட் வால்வு ஏன் மூடவில்லை? எரிந்து ஓட்டையாகியிருக்கலாம், கரி தடுத்திருக்கலாம், அல்லது வால்வு இடைவெளி இல்லாமல் போயிருக்கலாம். கடைசியைச் சோதிக்கப் பத்து நிமிடம் போதும், செலவு ஒன்றுமில்லை. அதனால் முதலில் அதையே பார்த்தேன்.

வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் கைக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் இடையே, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒரு மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். சூட்டில் வால்வு நீளும்போது அந்த இடைவெளி அதற்கு இடம் கொடுக்கிறது. தேய்மானம் என்றால் இடைவெளி கூடும் என்றுதான் நம் மனம் நினைக்கும். ஆனால் வால்வின் தலை, அது அமர்ந்து மூடும் உலோக வளையமான இருக்கையில் லட்சக்கணக்கான முறை அறைந்து அறைந்து அதற்குள் அமிழ்கிறது. தலை உள்ளே போகப் போகத் தண்டின் நுனி மேலே ஏறுகிறது. அதாவது இடைவெளி குறைகிறது. முற்றிலும் மறைந்துவிட்டால், மூடியிருக்க வேண்டிய வால்வை ராக்கர் சற்றே திறந்து பிடித்துக்கொள்ளும். அழுத்தம் கசியும், குளிரில் கிளம்பாது, சைலன்சரில் வெடிக்கும். இருக்கையோடு ஒட்டி வெப்பத்தைக் கடத்த முடியாத வால்வு கடைசியில் எரிந்துபோகும்.

எஞ்சின் ‘டிக் டிக்’ என்று மெல்லத் தட்டினால் பழுது என்று பலர் பயந்து ஓடிவருகிறார்கள். அந்த மெல்லிய தட்டல் இடைவெளி இருப்பதன் அடையாளம். சத்தமே இல்லாமல் ஓடும் பழைய எஞ்சின்தான் எனக்குக் கவலை தருவது. பெரியவரிடம் கேட்டபோது, நிறுத்துவதற்கு முந்தைய ஓராண்டு எஞ்சின் மிகவும் அமைதியாக ஓடியதாகவும், அது நல்லதென்று தான் நினைத்ததாகவும் சொன்னார். வால்வு தன் நோயை ஓராண்டு சொல்லியிருக்கிறது.

இந்த எஞ்சினில் சரிப்படுத்துவது எளிது. ஃபிளைவீலில் உள்ள ஆங்கில ‘டி’ எழுத்தைக் குறிக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். எஞ்சினின் ஒரு முழு வேலைச்சுற்றில் ஃபிளைவீல் இருமுறை சுழல்வதால் அந்த எழுத்தும் இருமுறை வரும். இன்லெட் வால்வு திறந்து மூடிய பிறகு அடுத்து வருவதே சரியான உச்சி. மூடியைக் கழற்றி, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தேன். இன்லெட்டில் போனது. எக்ஸாஸ்டில் என்னிடமிருந்த மிக மெல்லிய 0.04 மில்லிமீட்டர் தகடு கூட நுழையவில்லை. லாக் நட்டைத் தளர்த்தி, திருகைத் திருப்பி, கையேட்டில் சொன்ன அளவுக்கு வைத்து, நட்டை இறுக்கிய பிறகு மீண்டும் ஒருமுறை அளந்தேன். இறுக்கும்போது அளவு மாறிவிடுவது வழக்கம் என்பதால் இரண்டாம் முறை அளக்காமல் மூடியைப் போடக் கூடாது.

மீண்டும் லீக் டவுன். இப்போது 15 சதவீதம். சைலன்சரில் இன்னும் மெல்லிய சீறல் இருந்தது. வால்வு தப்பித்திருந்தாலும் காயப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

புதிய பெட்ரோல், புதிய ஆயில். கார்களுக்கான, எரிபொருள் மிச்சம் என்று எழுதிய ஆயிலை இதில் ஊற்றக் கூடாது. இதன் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கி இயங்குவது. உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருந்தால் கிளட்ச் வழுக்கும். மோட்டார் சைக்கிளுக்கான ஜாசோ எம்ஏ தரக் குறி உள்ள ஆயிலே சரி. சோக்கை இழுத்து ஸ்டார்ட்டரை அழுத்தினேன். நான்காம் சுழற்சியில் பிடித்தது. பெரியவர் கொட்டகை வாசலில் நின்று தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

நான் செய்த தவறு

கிளம்பிய மகிழ்ச்சியில் வண்டியைத் தோட்டத்துச் சரிவில் இறக்கினேன். பாதி வழியில் முன் பிரேக்கைப் பிடித்தேன். கைப்பிடி ஹேண்டில்பார் வரை வந்து ஒட்டிக்கொண்டது. வேகம் குறையவில்லை. பின் பிரேக் பிடித்தது, ஆனால் அந்தச் சரிவுக்குப் போதவில்லை. கியரைக் குறைத்து, திராட்டிலை விட்டு, மரவரிசைக்குள் திருப்பி நிறுத்தினேன். ஹெல்மெட் போட்டிருந்தேன், வேகமும் குறைவு. இருந்தாலும் 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி அது. கவிழ்ந்திருந்தால் நான் அடியில். எஞ்சின் ஓடுவதற்கு முன் பிரேக் பிடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்யவில்லை. மருமகன் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. மறுநாள் அவனை உட்காரவைத்து, செய்த தவறைச் சொல்லி, வரிசையை மாற்றி எழுதினேன்: முதலில் பிரேக், பிறகு ஸ்டீயரிங், பிறகு எஞ்சின்.

இந்த வண்டியின் முன்சக்கரங்களில் ஹைட்ராலிக் டிரம் பிரேக். நீர் புகாமல் ஒரு ரப்பர் சீல் உண்டு. ஓடைகளையும் சேற்றையும் கடக்கும் வண்டியில் அந்தச் சீல் முதலில் தோற்கும். டிரம்முக்குள் ஒருமுறை நீர் புகுந்தால் வெளியேற வழியில்லை. திறந்தபோது சேறும் துருவும் குழம்பாக வழிந்தன. வீல் சிலிண்டர்கள் அசையாமல் இறுகிக் கிடந்தன. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் தூசியைக் காற்றால் ஊதாமல், பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்தோம். சிலிண்டர், ஷூ, சீல் எல்லாம் புதிது. பிறகு காற்று போகும்வரை பிரேக் திரவத்தை ஓடவிட்டேன். இந்த வேலைக்கு மட்டும் இரண்டு முழு நாள்கள் ஆயின. எஞ்சின் வேலையை விட இதுவே நீண்டது, இதுவே முக்கியமானது.

கையோடு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தோம். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் இடது டை ராடின் முனையில் ஆட்டம் இருந்தது, மாற்றினேன். வலதுபக்க ஆக்ஸில் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறியிருந்தது. அதைக் கழுவி, புது கிரீஸ் அடைத்து உறை மாற்றினேன். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் இழுவிசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் ஆயில் பால்தேநீர் போல வெளுத்திருந்தது, உள்ளே நீர் போயிருக்கிறது. வடித்துப் புது ஆயில் ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடியும் வடித்தேன். இரண்டாம் முறை தெளிவாக வந்தது. டயர்களில் யாரோ கார் டயர் போலக் காற்றடித்து வைத்திருந்தார்கள். இந்த டயர்களுக்குச் சில பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) போதும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். கூடுதல் காற்று வண்டியைப் பந்தாகக் குதிக்கவைக்கும்.

இருபதாம் நிமிடம்

எல்லாம் முடிந்தது என்று வண்டியைக் கொடுத்த மூன்றாம் நாள் பெரியவர் அழைத்தார். நன்றாக ஓடுகிறது, இருபது நிமிடத்தில் நின்றுவிடுகிறது, கொஞ்சம் ஆறவிட்டால் மீண்டும் கிளம்புகிறது என்றார். சூடேறிய பின் நிற்கும் எஞ்சின் என்றால் இக்னிஷன் காயில், சிடிஐ, பிக்கப் என்று பொறியை உண்டாக்கும் மின்பாகங்களின் பட்டியல் ஒன்று மனத்தில் ஓடும். எல்லாம் விலையுள்ள பாகங்கள். ஊகித்து ஒன்றை மாற்றியிருந்தால் நானும் அந்தச் சீட்டை எழுதியவரின் வழியில் போயிருப்பேன்.

பிளக் ஸ்பேனரையும் சோதனைப் பிளக் ஒன்றையும் எடுத்துக்கொண்டு பெரியவரோடு தோட்டத்தைச் சுற்றினேன். இருபதாம் நிமிடம் நின்றது. உடனே பொறி பார்த்தேன், நீலமாக வலுவாக இருந்தது. ஆக, மின்சாரம் குற்றவாளி இல்லை. கார்புரேட்டர் கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்தேன். சில சொட்டு விழுந்து நின்றுவிட்டது. டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, கீழே வரவில்லை. டேங்க் மூடியைத் திறந்ததும் ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது.

பெட்ரோல் கீழே இறங்க, அதன் இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்காக மூடியிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் ஹேண்டில்பார் மையத்துக்குப் போகிறது. அந்தக் குழாயின் வாயில் களிமண் உருண்டை. குளவிக்கூடு. ஊரில் சுவர்மூலையில் குளவி மண்கூடு கட்டுமே, அதே வேலையை இங்கே உள்ள குளவி குழாய்க்குள் செய்திருக்கிறது. காற்று போகாததால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோலைப் பிடித்து வைத்துக்கொண்டது. நிறுத்தி ஆறவிட்டால் மெல்லக் காற்று கசிந்து புகும், மீண்டும் ஓடும். மெல்லிய கம்பியால் தோண்டி எடுத்தேன். பெரியவர் ஒரு மணிநேரம் நிற்காமல் ஓட்டிவிட்டுத் திரும்பினார். பாகம் எதுவும் வாங்கவில்லை.

மொத்தச் செலவு, அந்தச் சீட்டில் எஞ்சினைப் பிரிக்கக் கேட்டிருந்த தொகையில் நான்கில் ஒரு பங்கைத் தொடவில்லை. அதிலும் பாதி பிரேக்குக்கே போனது.

ஆப்பிள் பறிக்கும் செப்டம்பர் முழுக்க வண்டி ஓடியது. பெட்டி ஏற்றிய சிறு டிரெய்லரை இழுத்தது. அக்டோபரில் வால்வு இடைவெளியை மீண்டும் அளந்தேன். இன்லெட் அப்படியே இருந்தது. எக்ஸாஸ்டில் ஜூனில் வைத்ததை விடக் குறைந்திருந்தது. ஒரே பருவத்தில் இவ்வளவு அமிழ்கிறது என்றால், அந்த வால்வும் அதன் இருக்கையும் நீண்ட நாள் தாங்கா. மறுபடி திருகி அளவுக்குக் கொண்டுவந்து, இருக்கைக்கு அடியில் அதே பிளாஸ்டிக் உறையில் புதிய சீட்டு ஒன்றை வைத்தேன்: அளந்த நாள், அளவு, கசிவு எத்தனை சதவீதம், காற்று எங்கே கேட்டது. பனி விழுந்து தோட்ட வேலை நின்றதும் சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டும். வால்வுக்குப் பெரியவர் பணம் கட்டிவிட்டார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருவதாக மருமகன் சொல்லியிருக்கிறான்.